வூடூ க்ளோ ஸ்கல்ஸ்: இரு மொழிகளில் பாடும் ஸ்கா-பங்க் குழு - கேள்வி பதில்

வூடூ க்ளோ ஸ்கல்ஸ் குழுவைப் பற்றி வந்த கேள்விகளில் என்னால் பதில் சொல்ல முடிந்தவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள்: இதை மெக்சிகோ நாட்டுக் குழு என்று எழுதாதீர்கள். 1988இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில், ரிவர்சைட் நகரில் காசியாஸ் சகோதரர்கள் மூவரை மையமாகக் கொண்டு உருவான குழு இது.

கேள்வி: ஸ்கா-பங்க் என்பதைக் கேட்டவுடன் எப்படி அடையாளம் காண்பது?

பதில்: கிதாரைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கேட்டால், கிதாரின் மீட்டல் அந்த எண்களின்மேல் விழாமல், இரண்டு எண்களுக்கு நடுவே, கர்நாடக இசையில் அரை இடம் என்பார்களே, அங்கே விழும். மீட்டியவுடன் இடக்கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்திவிடுவதால் ஒலி நீளாமல் 'சக்' என்று அறுந்துவிடும். இதுதான் 1950களின் இறுதியில் ஜமைக்காவில் பிறந்த ஸ்கா, அதே நாட்டின் ரெக்கே இசைக்கு மூத்தது. 1979இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 2 டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைச் சுற்றித் திரண்ட குழுக்கள் இதனோடு, வேகமான முரட்டு ராக் இசையான 'பங்க்'கின் முறுக்கைச் சேர்த்தன. கலிபோர்னியக் குழுக்கள் வேகத்தை இன்னும் கூட்டின. வூடூ க்ளோ ஸ்கல்ஸின் டிரம்ஸ் ஓடுகிற ஓட்டத்தில் டிரம்பெட்காரரும் டிராம்போன்காரரும் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கேள்வி: இவர்கள் மெக்சிகோவில் எந்த ஊர்க்காரர்கள்?

பதில்: மேலே முதல் பத்தியைப் படிக்கவும்.

கேள்வி: இரு மொழிக் குழு என்கிறீர்கள். ஆங்கிலத்தில் வந்த இசைத்தட்டை அப்படியே ஸ்பானியத்தில் மறுபடி பாடினால் அது டப்பிங் பாடல்தானே? இதில் வியாபாரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 'ஃபிர்மே'. எபிடாஃப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட இந்த ஆங்கில இசைத்தட்டுக்குப் பின்னர் ஸ்பானிய வடிவமும் வந்தது. டப்பிங் என்று ஒதுக்குவதற்கு முன் அசைகளை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'வேர்ல்ட்' ஓரசை, ஸ்பானியத்தில் 'முன்-தோ' ஈரசை. 'லவ்' ஓரசை, 'அ-மோர்' ஈரசை. தாளமும் வேகமும் மாறாமல் இருக்க, ஒரே அடிக்குள் கூடுதல் அசைகளை அடக்க வேண்டுமானால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நடக்காது. வரியையே புதிதாகக் கட்டியாக வேண்டும். பெரும்பாலான ஸ்பானியச் சொற்கள் உயிரொலியில் முடிவதால், மெய்யொலியில் வெட்டி நிறுத்துகிற ஆங்கிலப் பாடலின் கடுமை அங்கே வேறு விதமாக ஒலிக்கும்.

கேள்வி: அதே வாசகர்தான். உழைப்பை மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் முதலில், ஸ்பானியம் பிறகு என்றால், ஸ்பானியம் இரண்டாந்தரம் என்றுதானே பொருள்?

பதில்: இந்த இசைத்தட்டைப் பொறுத்தவரை வரிசை நீங்கள் சொல்வதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்பைப் பாருங்கள். 'ஃபிர்மே' என்றால் ஸ்பானிய அகராதியில் 'உறுதியான' என்று பொருள். தென் கலிபோர்னியாவின் சிக்கானோ (மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்) பேச்சிலோ 'அருமை', 'பிரமாதம்' என்று பொருள். ஆங்கில இசைத்தட்டே அந்தப் பேச்சு வழக்கின் பெயரைத் தாங்கித்தான் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1997இல் வந்த 'பைலே தெ லோஸ் லோகோஸ்', அதாவது 'பைத்தியக்காரர்களின் நடனம்', ஒரே தட்டில் இரு மொழிப் பாடல்களையும் வைத்திருக்கிறது. 2004இல் வந்த இசைத்தட்டின் தலைப்பில் மூன்று சொற்கள், மூன்றுமே ஸ்பானியம். ஸ்பானியச் சந்தையை மட்டும் குறிவைத்த தந்திரமாக இருந்திருந்தால், அது ஒரு தட்டோடு நின்றிருக்கும்.

கேள்வி: டிரம்பெட் கற்றுக்கொள்ள ஆசை. எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கலாம்?

பதில்: நான் கேட்பவன், வாசிப்பவன் அல்லன். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்.

கேள்வி: இவர்கள் ஏன் இன்னொரு கலிபோர்னியக் குழுவான நோ டவுட் அளவுக்குப் புகழ் பெறவில்லை?

பதில்: 1995இலிருந்து சில ஆண்டுகள் அமெரிக்க வானொலி ஸ்காவை வாரி அணைத்தது; ஆனால் அது அணைத்தது, மெட்டு முன்னே நிற்க ஸ்கா பின்னே ஒலிக்கும் பாடல்களை. இவர்களுடையதோ கரகரத்த குரலும், பங்கிலும் கடுமையான ஹார்ட்கோர் இசையின் வேகமும். அந்த அலை வடிந்தபோது இழப்பதற்கு இவர்களிடம் அதிகம் இல்லை. எபிடாஃபில் 1995 முதல் 2000 வரை நான்கு, பிறகு விக்டரி நிறுவனத்தில் 2002, 2004, 2007 என மூன்று இசைத்தட்டுகள் வந்தன. அலையோடு வந்த பல குழுக்கள் கலைந்த காலம் அது.

கேள்வி: இது ஸ்பெயின் நாட்டுக் குழு என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: உங்கள் நண்பர் நினைப்பது மாட்ரிட்டின் வல்யேகாஸ் பகுதியிலிருந்து வந்த ஸ்கா-பி குழுவாக இருக்கலாம். இவர்கள் ரிவர்சைட். ஸ்பானியத்தில் பாடுகிறவர்கள் எல்லாரும் வெளிநாட்டார் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்; இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

கேள்வி: பாடகர் ஃபிராங்க் காசியாஸ் விலகிய பிறகு அதை அதே குழு என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். அவர் விலகியது 2017இல். டெத் பை ஸ்டீரியோ குழுவின் எஃப்ரெம் ஷுல்ஸ் அவரிடத்தில் வந்தார்; சகோதரர் எடி காசியாஸின் கிதார் தொடர்ந்தது. 2021இல் புதிய இசைத்தட்டும் வந்தது. குரல் மாறியது காதுக்கு உடனே தெரியும். அரை இடத்தில் விழும் அந்த 'சக்' மாறவில்லை.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

பதில்: 'ஃபிர்மே'யிலிருந்து. முதலில் ஸ்பானிய வடிவம், மறுநாள் ஆங்கிலம்.