பத்தம்பாங்குக்குப் போகும் மகள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நாகர்கோவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. என் மகளும் மருமகனும் ஆறு வயதுப் பேரனும் வரும் ஜூன் மாதம் ஊழியத்துக்காகக் கம்போடியாவின் பத்தம்பாங் நகருக்குப் போகிறார்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகள் என்கிறார்கள். நீங்கள் நெல் திட்டமொன்றில் அங்கே மூன்று ஆண்டுகள் வேலை பார்த்ததாகவும், அருகில் ஒரு மிஷனரி குடும்பம் இருந்ததாகவும் உங்கள் பழைய கட்டுரையில் படித்தேன். அவர்களுடைய நாட்கள் எப்படிக் கழிந்தன? பௌத்தர்கள் நடுவில் இவர்களை வெறுக்க மாட்டார்களா? சபையில் கேட்டால் சாட்சிக் கூட்டத்தில் சொல்வதைப் போலவே பதில் சொல்கிறார்கள். நீங்கள் கிறிஸ்தவர் அல்ல என்று அறிவேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

— ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாட்களாகக் கையில் வைத்திருந்தேன். பேரனைப் பிரியப் போகும் ஒருவருக்கு எழுதுகிறோம் என்ற நினைவுடன் எழுத வேண்டியிருந்தது. நான் 2009 முதல் 2012 வரை பத்தம்பாங்கில் சங்கே ஆற்றங்கரையில் குடியிருந்தேன். எனக்கு அடுத்த வீடு ஒரு கெமர் மூதாட்டியுடையது. கெமர் என்பது அந்நாட்டின் பெரும்பான்மை இனத்தின் பெயர், அவர்களுடைய மொழியின் பெயரும் அதுவே. தெருவே அவரை ‘யெய்’, அதாவது பாட்டி, என்று அழைத்தது. அதற்கு அடுத்த வீட்டில் நியூசிலாந்திலிருந்து வந்த மிஷனரி தம்பதியர் இரண்டு பிள்ளைகளுடன் இருந்தார்கள். இந்த மூன்று வீடுகளுக்கிடையே நான் கண்டதையே சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் தமிழாசிரியை என்பதால் உங்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. அந்தக் குடும்பத்தின் முதல் இரண்டு ஆண்டுகளும் மொழி கற்பதிலேயே போயின. பிரசங்கம் இல்லை, கூட்டம் இல்லை. காலை ஏழரை மணிக்கு ஆசிரியை வருவார், பதினொன்றரைக்குப் போவார், மாலையில் இருவரும் தெருவில் நடந்து அன்று கற்ற வாக்கியங்களைக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்ப்பார்கள். கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது; நம் கிரந்தத்துக்கு உறவு. ஆனால் முப்பத்து மூன்று மெய்களும் இரண்டு குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன, ஒரே உயிர்க்குறி எந்தக் குழுவின் மெய்யோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து வேறு ஒலி பெறுகிறது, சொற்களுக்கிடையே இடைவெளியும் விடுவதில்லை. நாற்பது வயதை நெருங்கும் ஒருவர் மீண்டும் அரிச்சுவடியைத் தொடங்குவதைத் தினமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

எழுத்தைவிடக் கடினமானது மரியாதை. எதிரில் நிற்பவருடைய வயது தெரியாமல் கெமர் மொழியில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. மூத்தவர் ‘பொங்’, இளையவர் ‘ஓன்’, தகப்பனைவிட இளையவர் ‘பூ’, அத்தை வயதுடையவர் ‘மிங்’. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த கணமே பேசுபவர் அந்தத் தெருவின் உறவுவலைக்குள் வந்துவிடுகிறார். உண்பதற்கே தனித்தனிச் சொற்கள் உண்டு: நண்பர்களிடம் ‘ஞாம்’, மரியாதையுடன் ‘பீசா’, பிக்குகளுக்குச் ‘சான்’, அரசருக்குச் ‘சாவோய்’, விலங்குகளுக்குச் ‘சீ’. நம்முடைய ‘சாப்பிட்டார்’, ‘அமுது செய்தருளினார்’, ‘தின்றது’ என்ற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நியூசிலாந்துப் போதகர் ஒருமுறை விகாரையின் தலைமைப் பிக்கு ‘ஞாம்’ செய்ததாகச் சொல்லிவிட்டார். யெய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவரை உட்கார வைத்து, ஒரு மணி நேரம், தன் பேரனுக்குச் சொல்வதைப் போலச் சொல்லிக்கொடுத்தார்.

இந்தச் சிக்கல் அங்குள்ள கிறிஸ்தவத்தின் உள்ளேயே இருக்கிறது. அமெரிக்க மிஷனரியான ஆர்தர் ஹாம்மண்ட் 1923ல் கம்போடியா வந்து மொழிபெயர்ப்பில் இறங்கினார். முழு வேதாகமம் 1954ல்தான் வெளிவந்தது. ஒரு மனிதரின் முப்பது ஆண்டுகள்! அந்த மொழிபெயர்ப்பில் கடவுளுக்கும் இயேசுவுக்கும் அரசவைச் சொற்களே வருகின்றன. தமிழ் வேதாகமத்தின் ‘தேவரீர்’ உங்களுக்கு நாவில் பழகியது. ஆனால் வயலில் நாற்று நடும் ஒரு பெண் அரசரோடு பேசும் மொழியைத் தன் வாழ்நாளில் ஒருமுறையும் பேசியதில்லை. சொல் தெரியாததால் வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சப்படுபவர்கள் உண்டு என்று போதகர் சொன்னார். உங்கள் மகள் அங்கே எதிர்கொள்ளப்போகும் உண்மையான கேள்விகள் இந்த வகையானவை.

அன்றாட வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்பதனப் பெட்டியை நம்பாத ஊர் அது. காலை ஐந்தரைக்கே சந்தை, மதிய வெயில், ஊஞ்சல் தொட்டில், மழைக்காலத்தில் கொசுவலை. அந்த அம்மையார் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பெற்றோரைவிட ஓராண்டு முன்னதாகவே கெமர் பேசினார்கள், பிரஹோக் என்ற புளித்த மீன் விழுதையும் சோற்றோடு பிசைந்து உண்டார்கள். மூத்த பையனுக்கு டெங்கு வந்தபோது ஒன்பது நாட்கள் அந்த வீட்டுக்குச் சோறும் சூப்பும் யெய் வீட்டிலிருந்து போயின. வெறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பார்க்கவில்லை. 2019 கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களில் 97 சதவீதம் பேர் பௌத்தர். பௌத்தம் அரசு மதம். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தங்களை மாற்றிவிடும் என்ற அச்சம் எங்கள் தெருவில் எவருக்கும் இருக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் வித்தியாசம் தெரியாமல் சந்தையில் ஏமாறுகிறார்கள் என்ற கவலைதான் இருந்தது.

ஆனாலும் எனக்கு உறுத்திய ஒன்றை மறைக்கக் கூடாது. கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் ஆட்சி 1979ல் வீழ்ந்த பிறகு தாய்லாந்து எல்லை அகதி முகாம்களில் ஏராளமானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள்; அவர்களில் பலர் ஊர் திரும்பியதும் மறுபடி விகாரைக்கே போனார்கள். பசியில் இருந்தவர்களின் நன்றியை விசுவாசமாக எண்ணிக் கணக்கெழுதியது தவறு என்பது என் உறுதியான கருத்து. என் காலத்திலும் அரிசிப் பையையும் ஆங்கில வகுப்பையும் பிரசங்கத்தோடு சேர்த்துக் கட்டிய குழுக்கள் இருந்தன. வீடு வீடாகச் சென்று மதப் பிரசாரம் செய்வதை அரசு 2007ல் தடை செய்ததை நான் நியாயமென்றே கருதுகிறேன். உங்கள் மருமகனிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: அவர்கள் போகும் அமைப்பு உதவியையும் உபதேசத்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறதா?

மிகக் கடினமான நாட்கள் புரட்டாசி அமாவாசையை ஒட்டி வரும். நம் மகாளயபட்சத்தின் அதே பதினைந்து நாட்களில் அங்கே ‘பச்சும் பென்’ நடக்கிறது. ‘பென்’ என்பது நம்முடைய ‘பிண்டம்’தான். விடிவதற்கு முன் விகாரையைச் சுற்றி வந்து, பசியோடு அலையும் முன்னோருக்காகச் சோற்று உருண்டைகளை இருட்டில் எறிவார்கள். கெமர் ரூஜ் ஆட்சி நடந்த 1975க்கும் 1979க்கும் இடையில் எரிக்கப்படாமலும் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியாமலும் இறந்தவர்கள் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் இருப்பதால், அந்தச் சோறு வெறும் சடங்கு அல்ல. யெய் தன் கணவருக்கும் இரண்டு மகன்களுக்கும் எறிவார். கிறிஸ்தவராக மாறிய கெமர் மகன் ஒருவன் அந்த விடியலில் விகாரைக்குப் போகாவிட்டால், தாயின் கண்ணில் அவன் இறந்த தகப்பனைப் பட்டினி போடுகிறான்.

வாழையிலையில் சுற்றி அவித்த ‘அன்சோம்’ என்ற அரிசிப் பலகாரம் அந்த நாட்களில் எல்லா வீடுகளிலிருந்தும் மிஷனரி வீட்டுக்கு வரும். படைத்ததா, படைக்காததா? கொரிந்தியர் நிருபத்தில் பவுல் இதைப் பற்றி எழுதியிருப்பது எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள், உண்டார்கள். சோறு எறியப் போகவில்லை. ஆனால் முழங்கால் வலியுள்ள யெய்யை அதிகாலை நான்கு மணிக்குத் தங்கள் வண்டியில் விகாரைக்கு அழைத்துப்போய், வாசலுக்கு வெளியே மழையில் காத்திருந்து, திரும்ப அழைத்து வந்தார்கள். மூன்று ஆண்டுகளும் அப்படியே நடந்தது. அவர்களுடைய சபையைச் சேர்ந்த சில கெமர் விசுவாசிகளே அது தவறென்று கண்டித்ததையும் நான் அறிவேன். அந்தக் கண்டனத்தைப் போதகர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டும் போனார்.

இன்னொரு நாளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கெமர் ரூஜ் ஆட்சியின் துவோல் ஸ்லெங் சிறையில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் சாகக் காரணமான அதன் தலைவர் காங் கெக் இயூ, டூச் என்று அறியப்பட்டவர், பிற்காலத்தில் கிறிஸ்தவரானார். 1996ல் அவர் ஞானஸ்நானம் பெற்றது எங்கள் வீடுகளுக்கு முன்னால் ஓடிய அதே சங்கே ஆற்றில். 2010 ஜூலை 26 அன்று அவர் வழக்கின் தீர்ப்பு நேரலையாக ஒளிபரப்பானது. தூண்களின் மேல் நின்ற யெய் வீட்டுக்கு அடியில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் தெருவே உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டு தண்டனை. ஏற்கெனவே சிறையில் இருந்ததையும் சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்டதையும் கழித்தால் பத்தொன்பது ஆண்டுகள். யெய் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு போதகரின் பக்கம் திரும்பி, “உன் கடவுள் அவனை மன்னித்துவிட்டாராமே?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில் போதகருக்குக் கெமர் மொழியிலேயே தெரியும். அவர் சொல்லவில்லை. அன்று மாலை என்னிடம், அந்த வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்றார். இரண்டு நாட்கள் கழித்து ஒரு வயதான கெமர் போதகர், தன் குடும்பத்தில் தான் ஒருவர் மட்டும் மிஞ்சியவர், யெய்யைப் பார்க்க வந்தார். இருவரும் மதியம் முழுவதும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. நியூசிலாந்துக்காரர் தன் வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்து வரவேயில்லை.

அந்த நாட்டின் சபையைக் காத்தவர்கள் அந்த முதியவரைப் போன்றவர்கள். 1975 ஏப்ரல் 14 அன்று, தலைநகர் புனோம் பென் கெமர் ரூஜிடம் வீழ்வதற்கு மூன்று நாட்களுக்கு முன், யோசேப் சமார் சாலாஸ் என்ற கெமர் குரு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வெளிநாட்டுக் குருக்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். அவர் மக்களோடு வயல்களுக்கு விரட்டப்பட்டு, 1977ல் பசியாலும் களைப்பாலும் இறந்தார். கிறிஸ்தவர்கள் மறுபடி வெளிப்படையாகக் கூட அனுமதி கிடைத்தது 1990ல். உங்கள் மகள் போய்ச் சேரும் சபைக்கு இவ்வளவு பாடு பின்னால் இருக்கிறது. அவள் அங்கே கற்பிக்கப் போவதைவிடக் கேட்டுக்கொள்ள வேண்டியது அதிகம்.

பேரனைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டாம். ஏப்ரல் நடுவில் நமக்குப் புத்தாண்டு பிறக்கும் அதே நாட்களில் அவனுக்கும் புத்தாண்டு பிறக்கும். தொலைபேசியில் அவன் உங்களிடம் “ஞாம் பாய் ஹவுய் நௌ?” என்று கேட்டால், சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். பத்தம்பாங் சந்தையில் நான் துவரம்பருப்பை ஒருமுறையும் பார்க்கவில்லை. இரண்டு கிலோ கொடுத்தனுப்புங்கள். புளி அங்கேயே கிடைக்கும்.

அன்புடன்.