கரண்ட் போன இரவில் ரேடியோ ஏன் இரைகிறது?

கேள்வி: எங்கள் வீடு கடலூர் தாழங்குடாவில். ஃபெஞ்சல் புயலன்று கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போய்விட்டது. அப்பா படகில் எடுத்துப்போகும் பழைய ட்ரான்சிஸ்டரை எடுத்து, இன்வெர்ட்டர் மேஜை மேலேயே வைத்துப் போட்டோம். மீடியம் வேவில் ஒரே இரைச்சல். கடலில் நன்றாகக் கேட்கும் என்கிறார் அப்பா. சென்னை நிலையம் பகலில் மெல்லியதாக வருகிறது. இரவில் சத்தமாக வந்தாலும் ஏறி இறங்குகிறது, நடுவில் வேறு மொழி புகுந்துவிடுகிறது. செட் கெட்டுவிட்டதா? மாடியில் ஏரியல் கட்டலாமா? எஃப்.எம். இருக்கும்போது இதெல்லாம் தேவையா?

பதில்: செட் கெடவில்லை. கடலில் நன்றாகக் கேட்கிறது என்று அப்பா சொன்னதிலேயே விடை இருக்கிறது. கடலில் இன்வெர்ட்டர் இல்லை, எல்.இ.டி. பல்பு இல்லை, செல்போன் சார்ஜர் இல்லை. உங்கள் வீட்டில் ரேடியோவை வைத்த இடமே இன்வெர்ட்டர் மேஜை.

மீடியம் வேவ் ஒலிபரப்பில் அலையின் உயரம் கூடிக் குறைவதுதான் நமக்குப் பேச்சாகவும் பாட்டாகவும் கேட்கிறது. அதனால் அந்த அலையோடு வேறு எந்த மின் அதிர்வு வந்து சேர்ந்தாலும் ரேடியோ அதையும் சத்தமாக மாற்றிவிடும். இன்வெர்ட்டரும் சார்ஜரும் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி ஒட்டுபவை. அந்த வெட்டல் வயர் வழியாகப் பரவி வீடு முழுக்க 'ஙொய்ய்' என்று ஒரே சீராக இரையும். மின்னலின் சத்தம் வேறு. அது 'சடசட'வென்று விட்டுவிட்டு வரும், பல நூறு கிலோமீட்டர் தள்ளி மின்னினாலும் கேட்கும். மின்னலுக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, பொறுத்துக்கொள்ள வேண்டும். சீரான இரைச்சலை விரட்டிவிடலாம்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ரேடியோவை பேட்டரி செல்லில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சிலேயே நிறுத்துங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்தான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். புயல் இரவில் செய்தி நேரத்துக்கு மட்டும் பத்து நிமிடம் இன்வெர்ட்டரை நிறுத்துங்கள். ஊரே இருட்டாக இருக்கும் இரவில்தான் மீடியம் வேவ் மிகச் சுத்தமாகக் கேட்கும். அந்த நல்ல வாய்ப்பை ஒரு இன்வெர்ட்டருக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்து, செட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது. பலரும் மேலே நீட்டும் கம்பியை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கம்பி எஃப்.எம்.முக்கு. மீடியம் வேவுக்கான ஏரியல், செட்டுக்குள் படுத்திருக்கும் கறுப்பு ஃபெரைட் குச்சி. பெரும்பாலான செட்டுகளில் அது நீளவாக்கில் இருக்கும். குச்சியின் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை அது நன்றாகப் பிடிக்கும், முனைப் பக்கமிருந்து வருவதை ஏறக்குறைய விட்டுவிடும். கடலூருக்குச் சென்னையும் புதுச்சேரியும் வடக்கே. ஆகவே ரேடியோவின் முகம் வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். அப்புறம் மெல்லத் திருப்பி, இரைச்சல் குறைந்து பேச்சு தெளியும் கோணத்தில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் தொல்லை கொடுத்தால், செட்டின் ஒரு முனையை அந்த வீட்டுப் பக்கம் காட்டினாலே பாதி அடங்கும். தகர ஷீட்டும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் அலையை மறிக்கும். மரக்கதவு மறிக்காது. அதனால் ஜன்னல் கதவை மூடியே வைத்து, அதையொட்டி ரேடியோவை வைத்தால் போதும்.

இரவில் ஏறி இறங்குவதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. பகலில் சென்னையின் அலை நிலத்தையொட்டி ஊர்ந்து வருகிறது. வானத்துக்குப் போகும் பங்கை, பல பத்து கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் உண்டாகும் ஒரு மின்னேற்ற அடுக்கு விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அது மறைந்துவிடும். அப்போது அதற்கும் மேலே உள்ள அடுக்குகளில் பட்டு அலை திரும்பி வரும். நிலத்தில் வந்ததும் வானத்திலிருந்து வந்ததும் உங்கள் வீட்டில் சந்திக்கின்றன. சேர்ந்தால் ஏறும், மோதினால் இறங்கும். தூர தேசத்து நிலையங்கள் நடுவில் புகுவதும் இதே வழியாகத்தான். அதனால் மெல்லியதாக இருந்தாலும் பகலில் நிலையாக வரும் நிலையத்தையே அதிகம் நம்புங்கள்.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடல்மேல் வரும் மீடியம் வேவ் நிலத்தில் வருவதைவிட நெடுந்தூரம் வலுக்குறையாமல் வரும். ஒரு தலைமுறை முழுக்க நம் கரையோர ஊர்களில் இலங்கை வானொலி பக்கத்து ஊர் நிலையம்போல ஒலித்தது இதனால்தான். அப்பாவின் படகுக்கும் அந்தக் கடல் துணை செய்திருக்கிறது.

எஃப்.எம். போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதைத்தான் வைக்க வேண்டும். புதுச்சேரி ரெயின்போ 102.8 உங்களுக்கு மிக அருகில். மின்னல் சத்தமும் அதில் அதிகம் ஏறாது. ஆனால் எஃப்.எம். அலை கிட்டத்தட்டக் கண்ணுக்கெட்டும் தூரம்தான் போகும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு நாளில் பக்கத்து நிலையமும் நின்றுவிட்டால், புயல் தொடாத ஊரிலிருந்து சேதி கொண்டுவர மீடியம் வேவ் வேண்டும். எனவே இரண்டும் உள்ள செட்டை விட்டுவிடாதீர்கள்.

புதுச்சேரி 1215, சென்னை 720, திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் என்று அப்பா மனப்பாடமாகச் சொல்லக்கூடும். ஆகாசவாணி பல ஊர்களில் மீடியம் வேவை நிறுத்திவிட்டு எஃப்.எம்.முக்கு மாறி வருவதால், பழைய மனப்பாடத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு நாள் பகலிலும் இரவிலும் முள்ளை மெல்ல ஓட்டி, எந்த இடத்தில் எது வருகிறது, செய்தி எத்தனை மணிக்கு என்று ஒரு அட்டையில் எழுதி செட்டின் முதுகில் ஒட்டிவிடுங்கள். புது செட் வாங்கினால் மீடியம் வேவ் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். எண் காட்டும் செட்டாக இருந்தால் 9 கிலோஹெர்ட்ஸ் படியில் நகர வேண்டும். அமெரிக்க வழக்கப்படி 10 படியில் நகருவது 930-இல் நிற்கும், அடுத்து 940-க்குத் தாவும், 936-ஐப் பிடிக்காது.

மாடியில் ஏரியல் வேண்டாம். இடி மின்னல் காலத்தில் வெளியே நீளும் கம்பி ஆபத்து. சாதாரண நாளில் வேண்டுமானால் பத்து மீட்டர் உறை போட்ட வயரை அறைக்குள்ளேயே சுவரோரம் ஓட்டி, அதன் ஒரு முனையை செட்டைச் சுற்றி நாலு சுற்று சுற்றிப் பாருங்கள், சென்னை கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இடி கேட்டதும் அவிழ்த்துவிட வேண்டும்.

செல் போடும் இடத்து ஸ்பிரிங்கை உப்புக்காற்று அரித்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். உபயோகிக்காத மாதங்களில் செல்லைக் கழற்றி வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து செட்டையே தின்றுவிடும். வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அதில் தூசி. பத்துப் பதினைந்து தடவை முழுக்கத் திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

செய்தியில் கூண்டு எண்ணைக் கவனியுங்கள். கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று. 2024 நவம்பர் 30 அன்று வந்த ஃபெஞ்சல், புதுச்சேரி பக்கமே மணிக்கணக்கில் நகராமல் நின்று, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. காற்று ஓய்ந்து மழை விட்ட பிறகுதான் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி உங்கள் பக்கம் வந்தது. ஆகவே புயல் கரையேறிவிட்டது என்று கேட்டதும் ரேடியோவைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அணைத் தண்ணீர் முழுக்கக் கடலில் வடியும்வரை, இன்னொரு ஜோடி புது செல் கையில் இருக்கட்டும்.