கைவிடப்பட்ட முயல்களைத் தேற்றுதல்: குமரி மாவட்டத்தாரின் கேள்விகளும் பதில்களும்

தக்கலைக்குப் பக்கத்தில், என் வீட்டின் பின்புறமிருந்த பழைய மாட்டுத் தொழுவத்தைச் சீர்ப்படுத்தி, பிறர் வாங்கி வளர்த்துக் கைவிட்ட முயல்களைப் பதினோரு ஆண்டுகளாகத் தேற்றி வருகிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல என்பதால் மருந்தின் அளவை இங்கே சொல்லப்போவதில்லை. அதை மருத்துவர்தான் முயலை நிறுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மற்றபடி, பார்த்தும் இழந்தும் கற்றுக்கொண்டதை மறைக்காமல் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: அக்கா, எதிர்வீட்டார் வீட்டைக் காலி செய்தபோது மூன்று முயல்களை லவ் பேர்ட்ஸ் கூண்டிலேயே விட்டுப் போய்விட்டார்கள். தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. குளிப்பாட்டிவிட்டு, பாலும் பிஸ்கட்டும் கொடுத்தோம். இனி என்ன செய்வது?

பாலையும் பிஸ்கட்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா, குளிப்பாட்டவும் வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் பட்டினி கிடந்த முயலுக்கு முதல் சில நாட்களில் மிகப் பெரிய ஆபத்து சத்தான தீனியிலிருந்துதான் வருகிறது. முயல் தின்னும் நார், பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய பையில் நுண்ணுயிர்களால் நொதிக்கப்படுகிறது. நார் இல்லாமல் நாட்கள் கழிந்த வயிற்றில் திடீரென்று மாவும் சர்க்கரையும் சேர்ந்தால், கெட்ட நுண்ணுயிர்கள் பெருகி வயிறு உப்பிவிடும். முயலால் வாந்தியெடுக்க முடியாது. ஆகவே உள்ளே போன எதுவும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அந்தக் குடல் நின்றுவிட்டால் ஒரே நாளில் உயிர் போய்விடும்.

எனவே முதல் மூன்று நாட்களுக்கு நல்ல புல்லும் தண்ணீரும் மட்டும் போதும். நாய் குரைப்பும் குழந்தைகளின் சத்தமும் எட்டாத நிழலான மூலையில் வையுங்கள். கம்பித் தரையின் மேல் பலகையோ மடித்த சாக்கோ விரியுங்கள், ஏனெனில் முயலின் உள்ளங்காலில் நாய்க்கு இருப்பதுபோன்ற தடித்த சதை கிடையாது. வெறும் மயிர்தான், அது தேய்ந்ததும் கம்பி அறுத்துப் புண்ணாகி, புண் எலும்புவரை இறங்கும். நான்காம் நாளிலிருந்து தீவன வில்லையை ஒரு தேக்கரண்டி அளவில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

சமையலறைத் தராசில் தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள், புழுக்கையைக் கவனியுங்கள். உருண்டையாகவும் உலர்ந்தும் விழுந்தால் குடல் ஓடுகிறது என்று பொருள். திராட்சைக் கொத்துப்போல் மென்மையாக ஒன்று வந்து அதை முயலே தின்றால் பதற வேண்டாம், அது அதற்குத் தேவையான இரண்டாம் உணவு. ஆனால் 12 மணி நேரம் எதுவும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரைத் தேடுங்கள்.

இரணியல், இல்லத்தரசி: முயலுக்குத் தண்ணீர் வைத்தால் செத்துப்போகும் என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். உண்மையா?

இல்லை. பச்சைப் புல்லை மட்டுமே தின்னும் முயல் குறைவாகக் குடிப்பதைப் பார்த்தும், ஈரமும் அழுகலுமான புல்லால் கழிச்சல் வந்து சாவதைப் பார்த்தும் இந்த எண்ணம் வந்திருக்கலாம். 2 கிலோ எடையுள்ள முயலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லி தண்ணீர் வேண்டும்; உலர்ந்த தீனி தின்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். கவிழாத கனமான மண்சட்டியில் வையுங்கள். என்னிடம் வந்த முயல்களில் பல, புல்லை முகர்ந்துகூடப் பார்க்காமல் முதலில் சட்டியில்தான் முகத்தை வைத்தன. மாமியாரிடம் வாதாட வேண்டாம். ஒரு சட்டியை வைத்துவிட்டு அவரையே பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி: தோட்டத்துப் புல், மரச்சீனி இலை, முருங்கை எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

நம் மாவட்டத்துக்கு மிகவும் வேண்டிய கேள்வி இது. மரச்சீனி இலையைப் பச்சையாகப் போடவே கூடாது. இலையும் கிழங்கின் தோலும் நசுங்கும்போது சயனைடு வெளிப்படுகிறது; ஆடு தின்று விழுந்த கதை உங்கள் ஊரிலேயே கேட்டிருப்பீர்கள், முயலின் உடல் அதைவிட எத்தனையோ மடங்கு சிறியது. ரப்பர் இலையிலும் விதையிலும் இதே நஞ்சு உண்டு. ரப்பர் மரத்தடிப் புல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: மழைக்கு முன்பு இலையுதிர்வு நோய்க்காகப் போர்டோ கலவையோ வேறு தாமிர மருந்தோ அடித்திருந்தால், அது கீழேயுள்ள புல்லின்மேல் படிந்திருக்கும். மருந்து அடித்த தோட்டத்தில் அந்தப் பருவம் முழுவதும் புல் அறுக்காதீர்கள். தோவாளைச் சந்தையில் மிஞ்சிய பூக்களை மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பூச்சிமருந்து பட்ட பூ வேண்டாம், அரளி கலந்திருந்தால் அதுவே சாவு.

தீனியில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்கட்டும். வரப்பு அருகம்புல்லும் கம்பு நேப்பியர் புல்லும் நல்லவை. வைக்கோல் படுக்கைக்கும் கடித்து விளையாடவும் ஏற்றது, ஆனால் சத்துக் குறைவு என்பதால் அதை மட்டும் போட்டு மெலிந்த முயலைத் தேற்ற முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் புல்லைக் காயவைப்பதே பெரிய வேலை. தை, மாசி வெயிலில் அறுத்து நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உலர்த்திச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் மழைமாதங்களுக்கு உதவும். பூசண வாசனை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். முருங்கை, அகத்தி, வேலிமசால் ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குட்டிக்கும் சினை முயலுக்கும் அது நல்லது, வளர்ந்த முயலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை ஒரு சிறு கைப்பிடி போதும். சிறுநீர் சுண்ணாம்புக் குழம்புபோல் கெட்டியாக வந்தால் அதையும் நிறுத்துங்கள். கேரட் இனிப்புப் பண்டம் மாதிரிதான். விரல் கணு அளவு கொடுத்தால் போதும்.

நாகர்கோவில், ஆட்டோ ஓட்டுநர்: அண்ணன் ஒருவர் கொடுத்த முயலின் மூக்கிலும் காது நுனியிலும் வெள்ளைப் பொருக்கு. வேப்பெண்ணெயில் கற்பூரம் குழைத்துத் தடவலாமா? நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து வீட்டில் இருக்கிறது.

இரண்டும் வேண்டாம் தம்பி. முயல் தன் உடலில் பூசியதையெல்லாம் நக்கித் தின்றுவிடும், கற்பூரம் உள்ளே போனால் நஞ்சு. நாய் மருந்து அதைவிடக் கொடியது. நான் இந்த வேலையைத் தொடங்கிய ஆண்டில், கடையில் உண்ணிக்கென்று கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை ஒரு சாம்பல் நிற முயலின் பிடரியில் விட்டேன். மறுநாள் அது வலிப்பு வந்து செத்தது. அதில் இருந்தது ஃபிப்ரோனில். நாய்க்குப் பாதுகாப்பானது, முயலுக்கு ஆகாது. அட்டையைப் படித்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

நீங்கள் சொல்வது சொறிப்பூச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐவர்மெக்டின் ஊசியை எடைக்கேற்ப மருத்துவர் போட்டு, இரு வாரம் கழித்து மறுபடியும் போடுவார், ஏனெனில் முதல் ஊசிக்குத் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்துவிடும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், பூச்சி செத்ததும் தானாக உதிரும். கூண்டிலுள்ள எல்லா முயல்களுக்கும் ஒரே நாளில் மருத்துவம் செய்து, சாக்கையும் வைக்கோலையும் எரித்துவிடுங்கள். உங்கள் கையிலும் அரிப்பு வரலாம் என்பதால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குளச்சல், மருந்துக்கடை ஊழியர்: முயலுக்குச் சளி. குழந்தைகளின் அமாக்சிசிலின் சிரப் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?

ஒரு சொட்டும் வேண்டாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழியே போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, நஞ்சு சுரக்கும் கிருமிகளுக்கு இடம் கொடுத்துவிடும். முயலுக்கு ஏற்ற வேறு மருந்துகள் உண்டு. மருத்துவர் எழுதித் தரட்டும்.

கருங்கல், பள்ளி ஆசிரியை: முன்பல் வளைந்து உதட்டைக் குத்துகிறது, வாயில் எச்சில் வழிகிறது. விற்றவர், நகவெட்டியால் வெட்டிவிடுங்கள் என்கிறார்.

நகவெட்டி பட்டால் பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை சீழ் வைக்கும். முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளர்வது. முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும், சோறும் ரொட்டியும் தின்றால் தேயாது. எச்சில் வழிவதால் கடைவாய்ப் பல்லும் கூராகி நாக்கைக் கிழித்திருக்கலாம், அதை மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடியும். திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவதானால், விடியற்காலையில் வெயிலேறும் முன் புறப்படுங்கள், வழியில் தின்னப் புல் வையுங்கள். மயக்கத்துக்கு முன்பும் முயலைப் பட்டினி போடக்கூடாது.

குழித்துறை, வியாபாரி: இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பதினான்கு ஆகிவிட்டது.

குட்டிப் பருவத்தில் ஆண் பெண் பிரித்தறிவது பழகியவர்களுக்கே தவறும். நான்கு மாதத்திலேயே இனப்பெருக்கம் தொடங்கும், சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள், ஈன்ற அன்றே மறுபடியும் சினையாகும். எனவே இன்றே பிரித்துவிடுங்கள்: ஆண்களைத் தனித்தனியாகவும், பெண்களைச் சேர்த்தும் வையுங்கள். ஆண்கள் ஒன்றையொன்று கடித்து விதைப்பையையே கிழித்துவிடும். விதைநீக்கம் செய்த ஆணும் ஆறு வாரம்வரை சினைப்படுத்தக்கூடும் என்பதால், அதுவரை பெண்ணோடு விடாதீர்கள்.

பேச்சிப்பாறை, விவசாயி: வளர்க்க முடியவில்லை. காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

பிழைக்காது ஐயா. நம் மலையடிவாரத்தில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது, வீட்டு முயலின் குட்டி மயிரின்றிக் கண் மூடிப் பிறந்து பத்து நாட்களுக்குப் பிறகே கண் திறக்கிறது. வெள்ளை முயலைக் காட்டில் விட்டால் சீக்கிரமே கீரிக்கோ நாய்க்கோ இரையாகும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி வளர்ப்புயிரைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மறுபுறம், தோட்டத்தில் தனியாகக் கிடக்கும் காட்டு முயல் குட்டியை இரக்கப்பட்டு எடுத்துவர வேண்டாம். தாய் நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான் வந்து பால் கொடுக்கும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழி, தபால் ஊழியர்: வெயிலிலும் மழையிலும் எப்படிப் பாதுகாப்பது?

30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் தவிக்கும். அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு வெளியேறும். தகரக் கூரையின்மேல் தென்னோலை வேயுங்கள், உங்கள் ஊர்க் காற்று குறுக்கே போகும்படி இரு பக்கமும் திறந்து வையுங்கள். வாய் திறந்து மூச்சுவாங்கினால் காதுகளைச் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள், ஐஸ் வேண்டாம். மழைக்காலத்தில் பயப்பட வேண்டியது ஈக்கு. பின்புறம் ஈரமாக இருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழுவாகிச் சதையைத் தின்னும். காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்கள்.

சுசீந்திரம், ஒரு தந்தை: இரண்டு மாதமாகியும் எங்கள் முயல் மூலையைவிட்டு வருவதில்லை. மகள் தூக்கினால் கதறுகிறது.

தூக்குவதை நிறுத்துங்கள். மேலிருந்து வரும் கை முயலுக்குப் பருந்தின் நகம். காதைப் பிடித்துத் தூக்கப்பட்ட முயலானால் அந்த வலியும் நினைவிருக்கும். திமிறி உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடப்பதைச் சுகம் என்று நினைப்பார்கள், அது பயத்தில் உறைந்துபோவது.

மகளைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். முயலைப் பார்க்காமல், பாடம் படித்தபடி, பக்கத்தில் இரண்டு கொத்தமல்லித் தண்டு வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருக்கட்டும். இரண்டு வாசல் உள்ள அட்டைப்பெட்டி ஒன்றை அதற்கு ஒளிந்துகொள்ளக் கொடுங்கள், தப்பிக்க வழி உண்டென்று தெரிந்த முயல்தான் வெளியே வரத் துணியும். என்னிடம் ஒரு பெண் முயல் ஐந்து மாதம் கழித்தே என் பாதத்தை முகர்ந்தது. ஏழாம் மாதம் என் பக்கத்தில் காலை நீட்டிப் படுத்தது. நான் அன்று அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

கொல்லங்கோடு, மாணவர்: கடையில் நெருக்கிப் போட்டு வைத்திருக்கும் முயல்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாங்கிக் காப்பாற்றலாமா?

வாங்கினால் அந்த இடத்துக்கு அடுத்த வாரமே வேறு முயல்கள் வந்துவிடும். 2018ஆம் ஆண்டின் வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளின்படி கடை பதிவு பெற்றிருக்க வேண்டும். படத்தோடும் தேதியோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கால்நடைப் பராமரிப்புத் துறையிலும் எழுத்து வடிவில் புகார் கொடுங்கள்.

பூதப்பாண்டி, ஓய்வுபெற்ற செவிலியர்: குப்பைமேட்டருகே கிடந்த இரண்டு முயல்களை எடுத்துவந்தோம். நான்காம் நாள் ஒன்று இறந்துவிட்டது. எங்கள் தவறா?

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் புல்லும் தண்ணீரும்தான் கொடுத்திருக்கிறீர்கள், மருத்துவரிடமும் காட்டியிருக்கிறீர்கள். நோயை மறைப்பது முயலின் இயல்பு. பிடித்துத் தின்னும் மிருகங்களுக்கு நடுவே வாழ்ந்த இனம் அது. வெளியே தெரியும்போது பல சமயம் ஈரலும் சிறுநீரகமும் மீளாத நிலைக்குப் போயிருக்கும். அந்த நான்கு நாளும் அது நிழலில், வயிற்றில் புல்லோடு, துணையின் அருகில் கிடந்தது.

மற்ற முயலைத்தான் இப்போது கவனிக்க வேண்டும். துணை இறந்ததும் தீனியை நிறுத்திவிடுவது உண்டு. இறந்த முயல் படுத்திருந்த சாக்கை உடனே துவைக்காமல், தொற்றில்லை என்று மருத்துவர் சொன்னால், ஓரிரு நாள் அங்கேயே கிடக்கட்டும். இன்று இரவு படுக்கும் முன் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவரைத் தேடுங்கள், எனக்கும் எழுதுங்கள்.