கடிகாரத்தைப் பார்த்த தவறு: ஓர் உளசிகிச்சையாளரின் பதில்கள்

டாக்டர், நீங்கள் முன்பு செவிலியராக இருந்தீர்களாமே?

ஆம். ஆனால் டாக்டர் என்று அழைக்க வேண்டாம். நான் மருத்துவர் அல்ல, மருந்து எழுதித் தருவதில்லை. பதினோரு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன். இரவில் ஊசி போட்டும் தூக்கம் வராதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மெல்லப் பேசத் தொடங்குவார்கள். அதைச் சரியாகக் கேட்கக் கற்க வேண்டும் என்றுதான் 36 வயதில் மறுபடியும் கல்லூரிக்குப் போனேன்.

உங்களுக்கும் உங்களிடம் வருபவருக்கும் இடையிலான உறவே சிகிச்சை என்கிறீர்கள். தோழியிடம் பேசினால் போதாதா மேடம்?

தோழி தன் கதையையும் சொல்வாள். அது நட்பின் அழகு. இங்கே 50 நிமிடமும் உங்களுடையது. பாசாங்கின்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பரிவோடு புரிந்துகொள்ளுதல் ஆகியவை சிகிச்சையாளரிடம் இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957இல் எழுதினார். என் அனுபவத்தில் இன்னொன்றும் வேண்டும். வீட்டில் பழகிய பயம் என் அறைக்கும் கூடவே வரும். அதை அங்கேயே பேசியாக வேண்டும்.

ஒரு பெண் (அவர் அனுமதியோடு, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன்) பேசிக்கொண்டிருக்கும்போது என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது. மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அவ்வளவுதான் மேடம்" என்றார். அடுத்த வாரம் நானே பேச்சை எடுத்தேன்: "போன வாரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். நீங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். தவறு என்னுடையது." வெகுநேரம் அழுதார். அப்பா செய்தித்தாளை விரித்தால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். தன்னை நோகடித்த ஒருவர் அதை ஒப்புக்கொண்டு அவர் கேட்டதே இல்லை. அன்றுதான் கைப்பையைக் கீழே வைத்தார்.

என் மகன் தன்பாலீர்ப்பாளன் என்கிறான். மாற்ற முடியுமா அம்மா?

முடியாது, முயலவும் கூடாது. அது நோயல்ல, உலக சுகாதார அமைப்பு 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்து 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே தீர்ப்பெழுதினார். மகனை அனுப்ப வேண்டாம், நீங்கள் வாருங்கள். உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவோம்.

முன்பு போன இடத்தில் சாதியால் பட்ட அவமானத்தைச் சொன்னேன். "தாழ்வு மனப்பான்மை" என்றார்கள்.

அது அநியாயம். வெளியே நடந்த கொடுமையை உங்களுக்குள் இருக்கும் கோளாறாக மாற்றிவிட்டார்கள். எல்லோரையும் ஏற்கிறோம் என்று போர்டில் எழுதினால் போதாது. கேட்பவர் தன் சாதி தனக்கு எதையெல்லாம் காட்டாமல் மறைக்கிறது என்று தன்னையே விசாரித்துக்கொள்ள வேண்டும். என்னிடம் வந்தால் முதல் நாளே அதைக் கேளுங்கள். பதில் சொல்வது என் கடமை.

மாத்திரை சாப்பிடுகிறேன், வரலாமா?

வரலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கட்டணம் கட்ட வசதி இல்லை.

14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை, கட்டணமில்லை. இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம்.