உமியிலிருந்து மருந்துக் காவி: கேள்வி பதில்

தாவரத்திலிருந்து பெறும் நுண்துளைச் சிலிக்கனில் மருந்தை ஏற்றி, அதை உடலுக்குள் மருந்தைச் சுமந்து செல்லும் காவியாக்கும் ஆய்வைப் பற்றிக் கொழும்பு வாசகர்கள் கேட்டவற்றுக்கு, அத்துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

நெல்லுக்குள் சிலிக்கன் எப்படி வந்தது, ஐயா? (உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை)

மண்ணீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேர் உறிஞ்சுகிறது, மகள். நீர் ஆவியாகி வெளியேறும் இடங்களில் அது சிலிக்காவாக, அதாவது சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வையாக, இறுகுகிறது. உமியின் எடையில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் சிலிக்காதான். சித்த மருத்துவத்தின் மூங்கிலுப்பும் பெரும்பாலும் இதுவே.

அதை எப்படிச் சிலிக்கனாக்குகிறார்கள்? (ஆசிரியர், தெமட்டகொடை)

எரித்தெடுத்த சிலிக்காவை மக்னீசியத்துடன் சுமார் 650 பாகை செல்சியசில் சூடாக்குவார்கள். மக்னீசியம் ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும். பிறகு மக்னீசியம் ஒட்சைட்டை ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால், அது இருந்த இடமெல்லாம் துளையாக எஞ்சும். இத்தாக்கம் தானே பெரும் வெப்பத்தைக் கக்குவதால் துளைகள் உருகி அடைபடலாம். அதைத் தடுக்கச் சேர்ப்பது என்ன தெரியுமா? சாதாரணக் கறியுப்பு. உருகும்போது மிகை வெப்பத்தை அது விழுங்கிவிடும்.

மருந்துக்கு இதனால் என்ன நன்மை? (மருந்தாளர், பம்பலப்பிட்டி)

நீரில் எளிதில் கரையாத மருந்துகள்தாம் உங்களுக்கும் எங்களுக்கும் தலையிடி. சில நனோமீற்றர் அகலத் துளைக்குள் மருந்து பளிங்காக இடமில்லை; ஒழுங்கற்ற நிலையிலேயே இருப்பதால் விரைவாகக் கரையும். காவியும் உடலில் தங்காது. சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரோடு போய்விடும். நுண்துளைச் சிலிக்கன் உடலோடு ஒத்துப்போகக்கூடியது என்பதைப் பிரித்தானிய விஞ்ஞானி லீ கன்ஹம் 1995இல் காட்டினார். மேற்பரப்பை ஒட்சியேற்றினால் கரையும் வேகத்தைக் குறைக்கலாம்.

உமிச் சாம்பலை நீரில் கலந்து குடித்தால் போதாதா, தம்பி? (இல்லத்தரசி, வெள்ளவத்தை)

வேண்டாம் அம்மா. அதில் மருந்தும் இல்லை, துளைகளுக்கு உத்தரவாதமும் இல்லை. கடும் வெப்பத்தில் எரிந்த சாம்பலில் பளிங்குச் சிலிக்கா உண்டு. அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும்.

உமி மலிவு, ஆகவே மருந்தும் மலிவாகுமா? (கணக்காளர், வத்தளை)

இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைவு. வழமையான முறையில் சிலிக்கன் தகட்டை ஐதரோபுளோரிக் அமிலத்தில் மின்னால் அரிக்கிறார்கள். அதைவிட உமி மலிவு என்பது உண்மைதான். ஆனால் நெல்வேர் சிலிசிக் அமிலத்தை உள்ளெடுக்கும் அதே வாயிலால் ஆசனிக் என்ற நஞ்சும் நுழைகிறது. பொற்றாசியம் மிஞ்சினால், எரிக்கும்போது சிலிக்காவை உருக்கிக் கரியை உள்ளே சிறைப்படுத்தும். ஆகவே எரிக்குமுன் உமியை அமிலத்தில் கழுவ வேண்டும்; ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும். வயலுக்கு வயல், போகத்துக்குப் போகம் உமி மாறும். மருந்துத் தொழிற்சாலைக்கோ ஒரே தரம் தேவை. செலவு அங்கேதான் ஏறுகிறது.

பாடசாலைச் செயற்றிட்டமாகச் செய்யலாமா? (மாணவன், மட்டக்குளி)

உமியைக் கழுவி எரித்து வெண்சாம்பல் எடுப்பதோடு நில், தம்பி. அதையும் ஆசிரியர் முன்னிலையில் செய். மக்னீசியத் தாக்கத்தைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு விட்டுவிடு.