அந்தத் தனி டம்ளரை வைத்தது யார்?

கேள்வி: நான் விழுப்புரம் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். எனக்குச் சாதி வேறுபாடு கிடையாது. இந்த ஆண்டு நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவன் எங்கள் மையத்தில் சேர்ந்தான். அதிலிருந்து மூன்று வீட்டார் தங்கள் பிள்ளைகளைத் தனியார் நர்சரிக்கு மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, சுத்தத்தைக் கருதி அவனுக்கு ஒரு தனி டம்ளர் வைத்திருக்கிறேன். இங்கேயே வரும் என் நான்கு வயது மகள்கூட அதை மறந்தும் தொடமாட்டாள். அவனோ வாய் திறந்து பேசுவதே இல்லை. இந்தப் பெற்றோரின் மனத்தை எப்படி மாற்றுவது?

பதில்: பெற்றோரின் மனம் இருக்கட்டும். உங்கள் மகள் அந்த டம்ளரை மறந்தும் தொடமாட்டாள் என்பதை ஒழுங்கான பிள்ளைக்கு அடையாளமாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. தாகமெடுத்தால் கைக்கு எட்டிய டம்ளரை எடுத்துக் குடிக்கும் வயது அது. அந்த வயதில் ஒன்றை மட்டும் பார்த்து விலக்குகிறாள் என்றால், நீங்கள் வாயால் ஒரு சொல்லும் சொல்லாதிருந்தாலும், ஆயா அதைத் தனியே கழுவித் தனியே கவிழ்ப்பதையும் நீங்கள் அதை அனுமதிப்பதையும் பார்த்தே அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதைப் பிள்ளை பெற்றவளிடமிருந்தே படிக்கிறது என்பதும், அந்தப் பொறுப்பை ஊரார்மேல் தள்ளிவிட முடியாது என்பதும் என் உறுதியான எண்ணம்.

சுத்தம் என்கிறீர்கள். மழைக்காலத்தில் மூக்கு ஒழுகாத பிள்ளை எந்த அங்கன்வாடியில் இருக்கிறது? அவர்களில் எத்தனை பேருக்குத் தனி டம்ளர் வைத்தீர்கள்? நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் இதே சுத்தத்தைத்தான் காரணம் காட்டினார்கள். தீண்டாமை எந்த வடிவிலும் கூடாது என்னும் அரசமைப்பின் 17-ஆவது பிரிவு, அரசின் பணத்தில் நடக்கும் உங்கள் மையத்தின் சமையலறைக்கும் பொருந்தும். நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதே பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2023-இல்தான். அதன் பயன் அந்தச் சிறுவனைச் சேரவேண்டிய முதல் வாசல் உங்களுடையது.

1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர், 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் எடுத்தார்கள். தன்னைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதைப் பிள்ளை அத்தனை சிறு வயதிலேயே உள்வாங்கிக்கொள்கிறது. உங்கள் மகள் கற்ற பாடத்தை அந்தச் சிறுவனும் மறுபக்கத்திலிருந்து அன்றாடம் கற்றுவருகிறான்.

அவன் பேசுவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். அவர்கள் வீட்டில் வழங்குவது வாக்ரிபோலி. அது குஜராத்தி, மராத்தி மொழிகளோடு உறவுடையது. தமிழ் அவனுக்கு இரண்டாம் மொழி. அவன் தாயிடம் தண்ணீர், பசி, வலி, சிறுநீர் ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, நாளைக்கே அவனிடம் பேசிப்பாருங்கள். ஆனால் கலாச்சார நாள் என்று பெயர்சூட்டி அந்தத் தாயைப் பாசிமணியோடு வரவழைத்து வேடிக்கைப் பொருளாக நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்து பெருமைப்பட்டுக்கொள்ளும் ஆசிரியைகளையும் நான் அறிவேன்.

இன்றே அந்த டம்ளரை மற்ற டம்ளர்களோடு கலந்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கழுவச் சொல்லுங்கள். மதிய உணவின்போது உங்கள் மகளை அவனுக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதலில் அவள் முகம் சுளித்தால், அவளைத் திட்டாமல், அந்த வரிசையில் நீங்களும் தட்டோடு அமர்ந்து சாப்பிடுங்கள். அந்த மூன்று வீட்டாரையும் கூட்டிவைத்து உபதேசம் செய்யவேண்டியதில்லை. கேட்டால், இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாத்திரம் என்று மட்டும் சொல்லுங்கள். அதையும் மீறி அவர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, வருகை குறைந்ததற்கு மேற்பார்வையாளர் விளக்கம் கேட்டால், நடந்ததை உள்ளபடி எழுத்தில் கொடுங்கள். அதில் நீங்கள் வைத்திருந்த டம்ளரையும் சேர்த்தே எழுதுங்கள்.