அமெரிக்க காலேஜ் பெண்கள் பவுலிங்: டீம், கோச், பணம் பத்தி கேளுங்க

கேள்வி: அண்ணா, என் பொண்ணு இங்க ஹை ஸ்கூல் டீம்ல பவுலிங் ஆடுறா. காலேஜ் டீம்ல எத்தனை பேர் இருப்பாங்க?

பதில்: லேன்ல (பாலை உருட்டி பத்து பின்னைச் சாய்க்கிற பாதை, கிரிக்கெட் பவுலிங் இல்ல) இறங்குறது 5 பேர்தான், ஆனா நடுவுல மாத்தி விட ஆள் வேணும்ல, அதனால பல டீம்ல எட்டு பத்து பேர் வச்சிருப்பாங்க. பேக்கர் முறைன்னு ஒன்னு இருக்கு, ஒரே கேமை 5 பேரும் சேந்து ஆடணும், கேம்ல இருக்கிற பத்து ஃப்ரேம்ல, அதாவது பத்து சுத்துல, முதல் ஆளுக்கு 1வது, 6வது ஃப்ரேம், கடைசி ஆளுக்கு 5, 10. பத்தாவது ஃப்ரேம்ல மூணு பால் வரைக்கும் கிடைக்கும்ங்கிறதால அந்த இடத்துல யாரை நிறுத்துறதுங்கிறது பெரிய முடிவு. ஓரத்துல தனியா நிக்கிற பத்தாம் பின்னை விட்டா மொத்த டீமுக்கும் அடி, அதனால பொண்ணை ஸ்பேர் (முதல் பால்ல மிஞ்சின பின்னை ரெண்டாவது பால்ல சாய்க்கிறது) நிறைய பழகச் சொல்லுங்க.

கேள்வி: ஃபுல் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

பதில்: நம்பி உக்காராதீங்க. பழைய என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பு) ரூல்படி ஒரு டீமுக்கே 5 ஸ்காலர்ஷிப் அளவுதான், அதை எல்லாருக்கும் பிச்சுப் பிச்சுக் கொடுப்பாங்க. காலேஜ் வீரர்கள் என்சிஏஏ மேல போட்ட கேஸ்ல 2025ல வந்த கோர்ட் செட்டில்மென்ட்ல சேந்த காலேஜ்களுக்கு அந்த லிமிட் போயிடுச்சு, அதுக்காக பட்ஜெட் கூடிடும்னு இல்ல. காலேஜ்களை என்சிஏஏ மூணு டிவிஷனா பிரிச்சிருக்கு, அதுல டிவிஷன் 3ல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஆனா மூணு டிவிஷனும் ஒரே சாம்பியன்ஷிப்லதான் மோதுது! எத்தனை வருஷத்துக்கு எவ்ளோன்னு எழுத்துல வாங்கிடுங்க.

கேள்வி: டிக்கெட் வருமானமே இல்லாத ஆட்டத்த ஏன் நடத்துறாங்க?

பதில்: அமெரிக்கன் ஃபுட்பால் காசு, ஸ்டூடன்ட் ஃபீஸ், டொனேஷன்னு வண்டி ஓடுது. 1972ல வந்த டைட்டில் நைன் சட்டப்படி பெண்களுக்கும் சமமா விளையாட்டு வாய்ப்பு கொடுக்கணும், பவுலிங்னா டீம் சின்னது, ஊர்ல இருக்கிற பவுலிங் சென்டர்லயே பிராக்டிஸ் பண்ணிக்கலாம். வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டிக்கு எந்த விளையாட்டுலயும் கிடைச்ச முதல் நேஷனல் டைட்டிலே 2007ல இந்த பொண்ணுங்க வாங்கிக் கொடுத்ததுதான், அதனால இத சும்மா கணக்குக்காக வச்ச டீம்னு யாராவது சொன்னா எனக்கு கோவமே வரும்.

கேள்வி: பெரிய யுனிவர்சிட்டி பேரைப் பாக்கணுமா, கோச்சையா?

பதில்: கோச்சைத்தான். ஷானன் ஓ'கீஃப்னு ஒரு கோச், மெக்கென்ட்ரீ யுனிவர்சிட்டில 2017, 2022 ரெண்டு டைட்டில் எடுத்துட்டு ஜாக்சன்வில் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குப் போனாங்க, அங்க டீம் தொடங்கின முதல் சீசன்லயே, 2024ல, சாம்பியன். கேம்பஸ் பாக்கப் போறப்ப ஒரு பிராக்டிஸை முழுசா உக்காந்து பாருங்க, லேன்ல தடவியிருக்கிற ஆயில் ஆட ஆட மாற மாற எங்க நிக்கணும், எந்த பாலை எடுக்கணும்னு ஆடாத பொண்ணுங்களுக்கும் கோச் சொல்லித் தர்றாங்களான்னு கவனிங்க, முதல் வருஷம் உங்க பொண்ணும் அந்த பெஞ்ச்லதான் இருக்க வாய்ப்பு அதிகம்.